நாயின் உருவமும் நாயின் கடியும்

(பிள்ளைமடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு நாயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு வந்தது. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் லயத்துக்கு லயம் நாலைந்து நாய் இருக்கிற இடம் நம்முடைய தோட்டம். காலையில் பெரட்டுக்குப் போகிறபோது கூட வருவதும் நாய்தான், பொழுது சாய்ந்த பிறகு வாசலில் காவல் கிடப்பதும் நாய்தான்.

பெரிய நாய் என்றால் நமக்குப் பயம். பங்களாப் பக்கம் அல்சேஷன் குரைத்தால் பிள்ளைகள் சுற்றுப் பாதையில் போகிறார்கள். டோபர்மேன், ரொட்வைலர் என்று பேரைக் கேட்டாலே நடுக்கம். ஆனால் லயத்து வாசலில் முழங்கால் உயரம் கூட இல்லாத ஒரு குட்டை நாய் "வள் வள்" என்று பாய்ந்து வந்தால், "அது சும்மா, சின்ன சாமான், ஒன்னும் செய்யாது" என்கிறோம். அது கணுக்காலைக் கடித்துவிட்டாலும் "கீறல்தானே" என்று மஞ்சளைப் பூசிவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம்.

நாய்களின் குணத்தைப் பற்றி வெளிநாடுகளில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனிதர் மேல் பாய்கிற குணம் கூடுதலாகக் காணப்பட்டவை டாஷ்ஹண்ட், சிவாவா ஆகிய சின்ன இனங்கள். நாம் பயப்படுகிற ரொட்வைலர் அந்த முதல் வரிசையில் இல்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2021இல் ஏறத்தாழ 9,000 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் சின்ன நாய்களே கூடுதலாகச் சீறின. பயந்த சுபாவம் உள்ள நாய்தான் அதிகமாகச் சீறுகிறது என்றும் கண்டார்கள். இந்த விபரம் எல்லாம் நாய் வளர்ப்பவர்களே சொன்னது. சொந்த நாயைப் பற்றி ஆள் சொல்வதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கத்தான் செய்யும். என்றாலும் இரண்டு நாட்டில் ஒரே மாதிரி வந்திருப்பதைத் தள்ளிவிட முடியாது.

ஏன் அப்படி? டாஷ்ஹண்டை ஜெர்மனியில் வளர்த்தது மண்ணுக்குள் வளை தோண்டி ஒளிகிற மிருகத்தைத் துரத்திப் பிடிக்க. இருட்டு வளைக்குள்ளே தனியாகப் போய்ச் சண்டை போட, பயப்படாத நாயாகப் பொறுக்கி எடுத்தார்கள். உடம்பு சின்னது, ரோஷம் பெரியது.

இன்னொரு காரணம் நம்ம கையில் இருக்கிறது. பெரிய நாய் உறுமினால் உடனே அதட்டிக் கட்டிப் போடுகிறோம், பழக்குகிறோம். சின்னது உறுமினால் "பாருங்க, இவருக்கு வந்த கோபத்தை!" என்று சிரித்துத் தூக்கி மடியில் வைக்கிறோம். அதற்குப் பிடிக்காவிட்டாலும் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கிறார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைக்கிறார்கள். அதன் கண்ணுக்கு நாமெல்லாம் மலை மாதிரி. தப்பி ஓட வழியில்லாதபோது அதற்கு இருக்கிற ஒரே ஆயுதம் பல்.

அப்படியென்றால் பெரிய நாய்க்குப் பயப்பட வேண்டாமா? வேண்டும். பெரிய நாய் ஒருமுறை கடித்தாலே சதை பிய்ந்து போகும், சின்னப் பிள்ளையென்றால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறது, பேப்பரில் வருகிறது. குட்டை நாயின் பத்துக் கடியும் வீட்டோடு முடிந்துவிடுகிறது, யாரும் எண்ணுவதில்லை. இனத்துக்குக் கெட்ட பேரும் நல்ல பேரும் பாதி இப்படித்தான் வருகிறது. கறுப்பும் தவிட்டு நிறமுமாக ஒரு கலப்பு நாய் கடித்தாலும் "அல்சேஷன் கிராஸ் கடிச்சிருச்சு" என்கிறோம். அதன் தாய் தகப்பனைக் கண்டவர் யார்? அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டதில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்தில் இனத்தால் வருவது நூற்றுக்கு 9 அளவுதான் என்று கண்டார்கள். இங்கிலாந்தில் 1991இல் பிட்புல் முதலான நாலு இனத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்குப் பிறகும் நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் தொகை கூடித்தான் போனது.

ஆகவே இனத்தையும் உருவத்தையும் விட்டுவிட்டு நாயின் உடம்பைப் பாருங்கள். உடம்பு விறைத்து நின்றால், காது பின்னுக்குப் படுத்தால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், சும்மா சும்மா உதட்டை நக்கினால் அது "கிட்ட வராதே" என்று சொல்கிறது. வாலை ஆட்டுகிற நாயெல்லாம் சிநேகமான நாய் இல்லை. விறைத்த வாலைக் குறுக்கி ஆட்டினால் தள்ளி நில்லுங்கள். உறுமியதற்காக நாயை அடிக்கவும் வேண்டாம். உறுமல் என்பது நோட்டீஸ் கொடுப்பது மாதிரி. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை நோட்டீஸ் இல்லாமலே கடிக்கும். குட்டி போட்ட பெட்டை, சாப்பிடுகிற நாய், சங்கிலியில் கிடக்கிற நாய் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். நாய் துரத்தினால் ஓடாமல் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கப் பழக்குங்கள். பங்களா நாய்க்குக் கல் எறிகிற வேலை இனி வேண்டாம், சில வாலிபர்களுக்கு இது விளங்கும்.

இனி முக்கியமான சங்கதி. விசர் நாய்க்கடி நோய் பெரிய நாய், சின்ன நாய் என்று பார்த்து வருவதில்லை. எச்சிலில் கிருமி இருந்தால் குட்டியின் ஊசிப் பல் பட்ட கீறலும் போதும். நமது நாட்டில் 1973இல் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டுத்தான் அந்தத் தொகை இவ்வளவு குறைந்தது. ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் சில உயிர்கள் இன்னமும் போகின்றன. நோய்க்குறி வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது நடக்காத காரியம்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே பீலியடிக்குப் போய் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வைக்க வேண்டாம். கழுவியதும் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், அங்கிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும். அங்கே காசு கேட்க மாட்டார்கள். அரைப் பேர் போய்விடுமே என்று பின்போடாதீர்கள். கடித்த நாயைக் கொன்றுவிடாமல் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனியுங்கள். செத்தாலோ காணாமல் போனாலோ அன்றைக்கே சொல்லுங்கள். பிள்ளை நாய்க்கடியை மறைத்தால் அடிக்காதீர்கள், அடிக்குப் பயந்துதான் மறைக்கிறது.

நாய்களுக்கு ஊசி போட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆட்கள் வருகிற தேதியைப் பெரட்டில் அறிவிப்போம். கழுத்தில் கயிறு போட்டுப் பெரிய ஆள் பிடித்து வர வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். கூடையிலும் சாக்கிலும் தூக்கி வருகிற குட்டி நாய்களும் வர வேண்டும். போன தடவை பெரிய நாய்கள்தான் வரிசையில் நின்றன.