அழியாத ஆற்றலைச் சிக்கனம் செய்வானேன்?



ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. அது ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாறும், அவ்வளவே. இது நீங்கள் பௌதிக வகுப்பில் கற்ற விதி. மாலையில் வீடு திரும்பினால், "ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறதே, மின்சாரம் வீணாகிறதே!" என்று அன்னையார் கடிந்துகொள்கிறார். அழியாத ஒன்று வீணாவது எங்ஙனம்? ஆசிரியர் சொன்னது மெய்யா, அன்னையார் சொன்னது மெய்யா?

இதற்கு விடை தேட நீலகிரிக்குச் செல்வோம். அங்கே பைகாரா ஆற்றின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் 1930-களின் தொடக்கத்தில் இயங்கலாயிற்று. மலைமேலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே நீர் ஏறத்தாழ 3,000 அடி, அதாவது சுமார் 900 மீட்டர், கீழிறங்கிச் சிங்காரா நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது. அந்த நீரை அவ்வளவு உயரத்திற்கு ஏற்றியவன் கதிரவன். அவனது வெம்மையால் ஆவியான கடல்நீரே மலையில் மழையாய்ப் பொழிந்தது. தேங்கி நிற்கும் நீரில் அசைவில்லை. ஆயினும் அதன் உயரத்திலே ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது.

எவ்வளவு ஆற்றல்? ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். அது 900 மீட்டர் இறங்கினால் 8,820 ஜூல் ஆற்றல் வெளிப்படும். 10 வாட் விளக்கு ஒன்று விநாடிக்கு 10 ஜூல் கொள்கிறது. ஆகவே, இடையில் இழப்பு ஏதும் இல்லையெனில், அந்த ஒரு லிட்டர் நீர் அவ்விளக்கை ஏறத்தாழக் கால் மணி நேரம் எரிக்கும்.

அதே நீர் குழாயில் இறங்காமல் பாறைகளில் மோதிச் சிதறி வீழ்ந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்துள்ள சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்பவர் இவ்வினாவை ஆராய்ந்தார். எடைக்கற்களைக் கீழிறங்கச் செய்து, அவற்றால் நீருக்குள் துடுப்புச் சக்கரமொன்றைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். 1840-களில் அவர் செய்த இச்சோதனைகள், இழந்த உயரத்திற்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு வெப்பம் தோன்றும் என்று நிலைநாட்டின. ஆற்றலின் அலகு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் கண்ட கணக்கின்படி, வீழ்ந்த நீரிலேயே வெப்பம் முழுதும் தங்கினால், அது சுமார் 2 டிகிரி சென்டிகிரேடு சூடேறும். நண்பர்களே, இங்கேதான் நம் ஐயத்தின் முடிச்சு அவிழ்கிறது. இரண்டிலும் ஆற்றலின் அளவு ஒன்றே. ஆனால் முன்னது விளக்கேற்றியது. இரண்டு டிகிரி சூடேறிய நீரைக் கொண்டு நாம் எந்த விளக்கையும் ஏற்ற முடியாது.

இதற்குக் காரணம் யாது? தேர்த்திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் ஒரே திசையில் வடம் பிடித்தால் தேர் நகர்கிறது. அதே ஆயிரம் பேர் ஆளுக்கொரு திசையில் இழுத்தால், வலிமை குறையாவிடினும், தேர் நிலையை விட்டு அசையாது. குழாயில் இறங்கும் நீரின் துளிகள் ஒரே திசையில் செல்கின்றன. வெப்பமோ மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற ஓட்டம். அவ்வாறு சிதறிய ஆற்றல் அழிந்துவிடவில்லை. நமக்குப் பயன்படும் தகுதியைப் பெரிதும் இழந்துவிட்டது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் ஒரு சேமிப்பே. மிகப் பழங்காலத்தில் வாழ்ந்த தாவரங்கள் பெற்ற வெயில் அதில் உறைந்திருக்கிறது. அதனை எரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது வெப்பமாகிக் காற்றிலும் நீரிலும் கலந்துவிடுகிறது. பைகாராவின் நீர்த்தேக்கம் அடுத்த மழையில் நிரம்பும். நெய்வேலியின் சுரங்கம் நம் காலத்தில் மீண்டும் நிரம்பாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் தென்பாண்டிச் சீமையின் வெயிலும் தீர்ந்துபோகாதவை. ஆனால் அவை நாம் விரும்பும் வேளையில் வருவன அல்ல. ஆகவே சேமிப்பு தேவையாகிறது. ஆனைமலையிலுள்ள கடம்பாறை நிலையம் 1980-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் நீரை மேலேற்றவும், தேவை மிகும்போது அதனை இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் தரவும் அது அமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் நான்கு பங்கு ஆற்றலைச் செலவிட்டால் பொதுவாக மூன்று பங்கே திரும்பக் கிடைக்கும். எஞ்சிய ஒரு பங்கு வெப்பமாய்ச் சிதறுகிறது. சேமிப்பதற்கும் ஒரு விலை உண்டு.

ஆகவே ஆசிரியர் சொன்னதும் மெய், அன்னையார் சொன்னதும் மெய். ஆசிரியர் ஆற்றலின் அளவைப் பற்றிச் சொன்னார். அன்னையார் அதன் பயனைப் பற்றிச் சொன்னார். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு, மலைமேல் நின்ற நீரையோ மண்ணுக்குள் கிடந்த கரியையோ சுவரின் இளஞ்சூடாக மாற்றிவிடுகிறது. அச்சூட்டைத் திரட்டி மீண்டும் மலைமேல் ஏற்ற நம்மால் இயலாது. இன்றிரவு அறையை விட்டு வெளியேறும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.