இருப்புப் பாதையும் இன்னுயிரும்
(பிள்ளைப்பாக்கத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி நிதியைப் பற்றியும் விவாக சகாயத்தைப் பற்றியும் பேசிவந்த இம்மேடையில், நாம் பேசக் கூசுகின்ற ஒரு விஷயத்தை எடுத்துரைக்க அநுமதி வேண்டுகிறேன். மனம் நொந்தவர்கள் இருப்புப் பாதையிலே உயிர் துறக்கும் துயரமே அது.

நம்மூரில் புகைவண்டி நிலையமே இல்லையே, இப்பேச்சு நமக்கெதற்கு என்று சிலர் வினவக்கூடும். சிப்காட் தொழிற்சாலைகள் எழுந்தபின் அயல் ஜில்லாக்களிலும் அயல் மாநிலங்களிலுமிருந்து வந்த பிள்ளைகள் இங்கே வாடகை அறைகளில் தனித்து வாழ்கின்றனர். நம் பிள்ளைகளும் அவ்வாறே பிற ஊர்களில் வாழ்கின்றனர். கடனோ, வேலையிழப்போ, குடும்பக் கலகமோ நேரும்போது அருகிலிருந்து முகம் பார்த்து அறிவார் யார்? தாம்பரத்திலோ காஞ்சிபுரத்திலோ வண்டிக்குக் காத்து நிற்பவர் நடுவே அத்தகைய ஒருவர் நிற்கலாம். அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

"சாகத் துணிந்தவனைத் தடுத்தாலும் வேறு வழி தேடுவான்" என்பது உலக வழக்கு. இது பெரும் பிழை. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்துக் காக்கப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை ஸெய்டன் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார். அவர்களுள் 100-க்கு 90 பேருக்கு மேல் உயிரோடிருந்தனர், அல்லது இயற்கையாகவே காலஞ்சென்றிருந்தனர். ஆகவே அத்துணிவு காட்டாற்று வெள்ளம் போன்றது; வடியும் வரை கரையில் ஒருவர் கைப்பற்றி நின்றால் போதும்.

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் பாதைக்கும் இடையே கதவுகள் அமைத்திருக்கின்றனர். திறந்த வெளி நிலையங்கள் அனைத்திலும் அவ்வாறு அமைத்தல் எளிதன்று. அங்கே மனிதரே வேலியாதல் வேண்டும். பிரிட்டனில் 2010 முதல் இருப்புப்பாதை நிர்வாகமும் ஸமரிட்டன்ஸ் என்னும் தொண்டு ஸ்தாபனமும் கூடி, மனம் நொந்தவரை அணுகிப் பேச ரயில்வே சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளித்து வருகின்றன. 2017 முதல் பிரயாணிகளையும் பேசும்படி வேண்டுகின்றன. நாமும் பேசலாம். "தம்பி, எந்த ஊர்? சாப்பிட்டாயா?" என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. ஐயம் மிகுமானால், "சாகும் எண்ணம் உண்டா?" என்று பரிவோடு நேரே கேட்கலாம்; கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாது நிலைய அதிகாரிக்கோ ரயில்வே பாதுகாப்புப் படையினருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

இனி, நம்முடைய குற்றம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பிள்ளைக்கு மன வைத்தியம் செய்தால் சம்பந்தம் கைகூடாது என்றஞ்சி நோயை மறைக்கிறோம். குல மானம் என்று அதற்குப் பெயரிடுகிறோம். பிள்ளையை இழந்தபின் அம்மானத்தால் யாது பயன்? போலீஸுக்கு அஞ்சி மறைத்த காலமும் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமோ, உயிர்விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் அளிப்பது அரசின் கடமை என்று விதிக்கிறது. சட்டமே இரங்கிய பின்னும் சாதிசனம் இரங்காதிருத்தல் முறையோ?

ஆகையால் மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறேன். மன வைத்தியம் செய்துகொண்டதை வரன் பார்க்கையில் குறையாகக் கொள்ளலாகாது. தனித்து வாழும் இளைஞர்களை நம் சங்கத்தார் மாதம் ஒருமுறையேனும் நேரிற் சென்று காணவேண்டும். அவர்கள் எக்குலத்தவர் என்று கேட்க வேண்டுவதில்லை. விவாக விளம்பரங்களின் பக்கத்திலேயே இரண்டு தொலைபேசி எண்களை மாதந்தோறும் அச்சிட வேண்டும்: அரசின் டெலி மானஸ் 14416, 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா 044-24640050. இங்குள்ளோரில் யாருக்கேனும் மனம் தளர்ந்திருப்பின் இன்றே அழையுங்கள்; அதில் நாணத்துக்கு இடமில்லை.