இது யாருடைய பொருள்?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த குடும்ப மாலைக் கூட்டத்தில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)



"வீட்டில் பொருள்களைக் குறைத்துக்கொண்டு வாழ்வது பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள்" என்று பங்குத் தந்தை அவர்கள் பணித்தபோது நாங்கள் தயங்கினோம். காரணம் உண்டு. அண்மைக் காலம் வரை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டுமானால், முதலில் அதன்மேல் கிடப்பதை எடுத்துக் கீழே வைக்கவேண்டும். இதை இங்கே உள்ளவர்களில் பலர் அறிவீர்கள். ஆகவே போதிக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. நடந்ததைச் சொல்லலாம், அதில் நாங்கள் செய்த ஒரு தவறும் அடங்கியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதென்று பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு உடைமை துறத்தலைப் பற்றிப் பேசுவது ஒருவகையில் எளிது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூருக்கு வந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனின் கதையை அறியாதவர் இங்கே யார்? மதுரையில் அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கையில் கிடைத்த 5 ரூபாயில், வழிச்செலவுக்கு 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டவர் அவர். திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்கும் எண்ணம் இல்லாததால் அடகுச் சீட்டையும் கிழித்தெறிந்தார். ஊர் வந்து சேர்ந்ததும் அய்யன்குளத்துக் கரையில் தலையை மழித்து, மிச்சக் காசையும் குளத்தில் வீசிவிட்டார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவரே. நம் திருச்சபையைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ அடிகளார் 1949இல் அவரைக் காண வந்து, பின்னர் இந்த மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார் என்பதும் நம் பங்கின் இளையோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அந்த அடகுச் சீட்டை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. எங்கள் மேசை இழுப்பறையில் 1994ஆம் ஆண்டு வாங்கிய மின்விசிறியின் ரசீது பத்திரமாக இருந்தது. விசிறி பழுதாகிப் போய்ப் பத்தாண்டுக்கு மேலாகிறது!

நிற்க. துறவியின் வழி வேறு, பிள்ளைகுட்டிக்காரரின் வழி வேறு. குளிர்காலத்துக்குப் போர்வை வேண்டும், மழைக்குக் குடை வேண்டும். புனித பவுலே சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையையும் நூல்களையும் எடுத்துவரும்படி கேட்கிறார் அன்றோ! அப்போர்வை அவருக்குத் தேவையாக இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தவை எவ்வாறு சேர்ந்தன என்பதைச் சொன்னால் உங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும். திருமணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்கள், அவற்றில் பெயர் வெட்டிய குடங்கள் ஒன்பது. வீட்டில் ஏற்கெனவே தொலைக்காட்சிப் பெட்டி இருக்க, 2006க்குப் பின் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி ஒன்று. மிக்சி இரண்டு இருக்க, 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்சியும் கிரைண்டரும் விசிறியும். ஓடாதவற்றையும் எறிய மனம் வராது. மகள் கல்லூரியில் படித்த நூல்கள், வேலைக்குப் போய் வாங்கிய பைகள், துணிக்கடைக் கவருக்குள் மடித்து வைத்த கவர்கள். பரணில் இடம் போனபின் உள்ளறை நிறைந்தது. நற்செய்தியில் வரும் அந்தச் செல்வன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். நாங்கள் இன்னொரு பீரோ வாங்கினோம்.

2024 டிசம்பர் 1ஆம் நாளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, ஒரு வீட்டில் இருந்த 7 பேர் மாண்டனர். அவர்களுள் 5 பேர் சிறுபிள்ளைகள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் உடுத்திய துணியோடு வெளியேறின. போர்வை வேண்டும் என்று செய்தி வந்தது. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விருந்தினருக்கென்று தகரப்பெட்டியில் 11 போர்வைகள் வைத்திருந்தோமே! பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தோம். பூஞ்சை பிடித்து, மடிப்பெல்லாம் பூச்சி அரித்து, தொட்ட இடம் கிழிந்தது. பதினொன்றில் இரண்டுதான் தேறின. பாலைவனத்தில் மன்னாவை மறுநாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழு வைத்து நாறிப்போனதாக விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். அன்றுவரை அதை யாருக்கோ நடந்ததாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதே திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை. இறக்கிய பெட்டியை மறுபடி ஏற்றச் சோம்பல்பட்டு நடைவழியிலேயே விட்டுவிட்டோம். பொங்கல் கழிந்த ஓர் இரவு மின்சாரம் போனபோது, எங்கள் தாயார் (எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை) எழுந்து நடந்தவர் அப்பெட்டி தடுக்கி விழுந்தார். வயது 81. தொடை எலும்பு முறிந்தது. அறுவை செய்து வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னபோதுதான், கட்டில் போட ஓர் அறைகூட வீட்டில் இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

மூன்று நாளில் உள்ளறையைக் காலி செய்தோம். சிந்திக்க நேரமில்லை, ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. வண்டி வைத்துப் பழைய பாத்திரக் கடைக்கும் காகிதக் கடைக்கும் ஏற்றி அனுப்பினோம். அதில் ஒரு பித்தளை அண்டாவும் போயிற்று. ஈயம் பூசி எத்தனையோ ஆண்டாயிற்று, அடியில் ஒரு ஒடுக்கு, தூக்கவே இருவர் வேண்டும். எடை போட்டுக் காசு வாங்கிக்கொண்டோம்.

அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள், கட்டிலில் படுத்தபடியே அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்டா எங்கடா?" என்றார். சொன்னோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க அம்மா பேரு வெட்டியிருந்துது அதுல. என்னைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கத் தோணலையா?"

கடைக்கு ஓடினோம். அண்டா அதற்குள் உருக்குக்குப் போய்விட்டது என்றார்கள்.

யூபிலி ஆண்டு என்றால் என்ன என்று நம் சாமியார் சென்ற மாதம் மறையுரையில் விளக்கினார்கள். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தின்படி, ஐம்பதாம் ஆண்டு வந்தால் விற்றுப்போன நிலம் அதற்கு உரிய குடும்பத்திடம் திரும்பவேண்டும். அதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிலம் திரும்பலாம், உருக்கிய பித்தளை திரும்புவது எங்ஙனம்? வேங்கடராமன் கிழித்தது தம்முடைய அடகுச் சீட்டை. வீசியது தம்மிடம் இருந்த காசை. வீட்டில் விட்டுவந்த 2 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லிவிட்டே வந்தார். நாங்களோ எங்களுடைய பழைய ரசீதுகளைத் தொடாமல், அம்மாவின் அண்டாவை விற்றிருந்தோம். துறவு என்று அதற்குப் பெயர் சூட்டவும் ஏறக்குறையத் துணிந்துவிட்டோம்.

அந்தத் தவக்காலத்தில் வேறு முறையைப் பின்பற்றினோம். மாலைச் செபமாலை முடிந்ததும், எஞ்சியவற்றில் ஒரு பெட்டியை அம்மாவின் கட்டிலருகே கொண்டுவந்து வைப்போம். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இது யாருடையது? யாருக்குப் போகவேண்டும்?" என்று கேட்போம். எங்களுக்கு வியப்பு என்னவென்றால், நாங்கள் ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் தயங்கும் நேரத்தில் அவர் நான்கைக் கொடுத்து முடித்தார். பெரிய குடம், தாம் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவரின் மகளுக்கு. தாம்பாளம், கோவிலில் காணிக்கைப் பவனிக்கு. பட்டுப்புடவை ஒன்று, மாதாவுக்குச் சாத்த. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். நாற்பது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் அவற்றில் பாதியை நாங்கள் கேட்டதில்லை. ஒரு சின்னப் பித்தளைச் செம்பை மட்டும், "இது இருக்கட்டும், செத்தப்புறம் எடுத்துக்குங்க" என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

மகளின் நூல்களைப் பற்றி அவளிடமே தொலைபேசியில் கேட்டோம். "அதெல்லாம் இன்னுமாப்பா வெச்சிருக்கீங்க? லைப்ரரிக்குக் குடுத்துடுங்க" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டாக அவளுக்காகத் தூசி தட்டியவர்கள் நாங்கள்!

எங்கள் சொந்தப் பொருள்கள்தாம் கடைசிவரை நின்றன. அவற்றைக் கழிக்கும்போது அறிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது துணி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நம் கடற்கரை ஊர்களில், எங்கெங்கிருந்தோ வந்த பழந்துணிகள் உடுத்துவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, மீனவப் பெண்கள் உடுத்தாத வகை உடைகள். 1999இல் அன்ஷு குப்தா டில்லியில் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பினர் பிறகு அவற்றைத் திரட்டித் தரம் பிரித்துப் பயன்படச் செய்தார்கள். ஏழைக்குக் கொடுக்கிறோம் என்று நாம் குப்பையை இடம் மாற்றியதுதான் பெரும்பாலும் நடந்தது. ஆகவே துவைத்து, பொத்தான் தைத்து, நாமே உடுத்தக் கூசாததைத்தான் கட்டி வைக்கவேண்டும். மற்றவை கரித்துணிக்கும் மிதியடிக்கும் ஆகும். அப்பம் பலுகிய இடத்திலும் ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னாரே ஆண்டவர்.

அடுத்து, பக்திப் பொருள்கள். உடைந்த செபமாலை, கை போன சுரூபம், மங்கிய திருஇருதயப் படம், ஆண்டு முடிந்த மாதா காலண்டர்கள். எறிந்தால் பாவம் என்ற அச்சத்தால் எல்லார் வீட்டிலும் இவை ஒரு மூட்டை இருக்கும். அர்ச்சிக்கப்பட்டவற்றை மரியாதையோடு நடத்தவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1171. எரியக்கூடியதை எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்ப்பதும், சுரூபத்தைக் கால்படாத இடத்தில் புதைப்பதும் நெடுநாளைய வழக்கம். சென்ற ஆண்டின் குருத்தோலையைச் சாம்பல் புதனுக்கு முன் கோவிலில் சேர்த்துவிட்டால், அதுவே உங்கள் நெற்றிக்குத் திரும்பி வரும். எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுக் குருத்தோலைகள் இருந்தன!

பழைய தொலைக்காட்சிப் பெட்டியை உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். அதன் கண்ணாடிக் குழாயில் ஈயம் உண்டு. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடமே அது சேரவேண்டும். போகியன்று வாசலில் டயரும் நெகிழியும் கொளுத்தும் வழக்கத்தையும் இத்தோடு சேர்த்து விட்டுவிடலாம். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயின.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் வீடு மடம் ஆகிவிடவில்லை. பீரோ ஒன்று இன்னும் நிறைந்தே இருக்கிறது. அதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதமும் உண்டு. ஆனால் உள்ளறையில் கட்டிலைச் சுற்றி நடக்க இடமிருக்கிறது. அம்மா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சன்னல்வரை போய் வருகிறார். தீபத்துக்கு வந்த உறவினர் நால்வர் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். கடைசியாக எங்கள் வீட்டில் விருந்தினர் இராத் தங்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தோம், நினைவுக்கு வரவில்லை.

புனித வின்சென்ட் தே பவுல் சபையார் வரும் சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் துணியும் பாத்திரமும் பெற்றுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெட்டி வரும். கொண்டுவருவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். அந்தப் பாத்திரக் கடை வழியாகத்தான் நாங்கள் தினமும் காலைப் பூசைக்கு வருகிறோம். உருக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்தும், வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் அண்டாக்களின் விளிம்பில் என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கிறோம்.