கங்கைக்காக உயிர் ஈந்த பேராசிரியர்



கற்ற கல்வி எதற்கு என்னும் கேள்விக்குத் தம் உயிரையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரை நினைவுகூர நாம் இங்கே கூடியிருக்கிறோம். அவர்தாம் பேராசிரியர் ஜி. டி. அகர்வால்.

1932ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் பிறந்த அவர், அம்மாநில நீர்ப்பாசனப் பகுதியில் எஞ்சினியராக உத்தியோகம் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவின் பெர்க்லியிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சுற்றாடற் பொறியியலைக் கற்பித்து வளர்த்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டுச் சபைக்கு முதற் செயலாளராக அமர்ந்தவரும் அவரே. ஓய்வுபெற்றபின் சித்திரகூடத்தில் மிக எளிய வாழ்வு வாழ்ந்தார்.

அணையின் பயனை அவர் அறியாதவரல்லர், அறிந்தே எதிர்த்தார். இமயச் சரிவிலே ஆற்றை மறித்துச் சுரங்கத்தினுள் திருப்பினால், சுரங்கவாய்க்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஆற்றுப்படுகை வறண்டு போகின்றது. மீன் மடிகின்றது. சமவெளி வயலுக்கு வளமூட்டும் வண்டல் அணையிலே தங்கிவிடுகின்றது. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கும் கமக்காரருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

"மின்சாரம் வேண்டாமா?" எனக் கேட்போர் உளர். வேண்டும். ஆனால், ஆற்றை அழித்துப் பெறும் மின்சாரத்தின் விலையையும் கணக்கிலே சேர்க்க வேண்டும் அன்றோ?

அறிக்கைகளால் ஆகாததை அறப்போரால் ஆக்க முனைந்தார் அவர். 2008ஆம் ஆண்டு உத்தரகாசியில் உண்ணாநோன்பு இருந்தார். பின்னரும் பன்முறை இருந்தார். பாகீரதி ஆற்றிலே வேலை தொடங்கியிருந்த 600 மெகாவாட் லோஹரிநாக் பாலா மின்திட்டத்தை 2010இல் இந்திய அரசு கைவிட்டது. 2011இல் அவர் துறவு பூண்டார்.

கங்கையைக் காக்கத் தனிச்சட்டம் வேண்டும், மேற்கங்கையின் மின்திட்டங்கள் நிற்க வேண்டும், அரித்துவாரத்தில் மணல் அகழ்தல் ஒழிய வேண்டும் எனக் கோரி, 2018 யூன் 22இல் மீண்டும் உணவை விட்டார். அப்போது வயது 85. அக்டோபர் 9இல், மேற்கங்கையில் சராசரி நீரோட்டத்தின் 20 முதல் 30 சதவீதத்தையேனும் ஓடவிட வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பித்தது. அவர் கோரிய சட்டம் வரவில்லை. 111 நாள் நோன்பின் முடிவில், அக்டோபர் 11ஆம் நாள் இரிஷிகேச மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் தோற்றாரா? ஓர் ஆறு ஆறாக ஓடுவதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்ற கேள்வியை ஒரு பேரரசின் மேசையிலே அவர் வைத்துச் சென்றார். அக்கேள்வி இன்றும் அங்கேயே கிடக்கின்றது.

அன்பர்களே! மாலை சூட்டுவதோடு நம் கடன் தீராது. கற்றவர் தாம் அறிந்ததை ஆள்வோர் முன் அஞ்சாது உரைக்க வேண்டும். நிலத்தில் உழைப்பவர் தாம் கண்டதைக் கற்றவருக்குச் சொல்ல வேண்டும். அறிவும் உழைப்பும் ஒன்றுசேர்ந்து நிற்குமாயின், நீரைக் காக்க இனி ஒருவர் பட்டினி கிடந்து மாள வேண்டியதில்லை. அதுவே நாம் அவருக்கு எடுக்கும் நினைவுச் சின்னமாகும்.