இந்த வரிசையை முடிச்சிட்டு வரேன்

(திட்டக்குடியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் போன் பண்ணி, "அக்கா, நீங்க பத்து நிமிஷம் பேசணும்" என்றார். "எனக்குப் பின்னறதைத் தவிர என்னப்பா தெரியும்?" என்றேன். "அதையே பேசுங்களேன்"னுட்டார். பட்டிமன்றம் எப்போ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர்கள் நம் முன்னோர்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம். தமிழ் மேஜர் படித்தவர்கள் முன்னால் இதற்கு மேல் விளக்கினால் வம்பு. குளிர் நாடுகளில் இந்த மாதங்களில்தான் இலை உதிரும், கம்பளி நூலைக் கையில் எடுப்பார்கள். நம்ம திட்டக்குடியில் இலையும் பெரிசா உதிராது, குளிரும் அப்படி ஒன்றும் அடிக்காது. வெள்ளாற்றில் தண்ணி வந்துச்சா, வெலிங்டன் ஏரி எத்தனை அடி என்பதுதான் பேச்சு. இந்த ஊரில் ஊல் எதற்கு என்று கேட்கலாம். பிறந்த பிள்ளைக்குக் குல்லாயும் காலுறையும் போடாமல் ஐப்பசி மழையில் வெளியே தூக்கிப் போகும் பாட்டி யாராவது உண்டா, சொல்லுங்கள்.

நான் பின்னக் கற்றது கல்லூரி நாட்களில், 1980-களின் நடுவில். தினமும் திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாக விருத்தாசலத்துக்கு பஸ். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கூட வந்த ஒரு தோழிக்கு அவள் அத்தை கற்றுக்கொடுத்திருந்தாள், அவளிடமிருந்து எனக்கு. ஊசி வாங்கக் காசு ஏது? சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பி இரண்டு வாங்கி, முனையைச் சிமெண்ட் தரையில் தேய்த்து எடுத்துக்கொண்டோம். முதலில் பிளெயின், அப்புறம் பர்ல். இந்த இரண்டையும் கற்றுக்கொண்டால் உலகத்தில் எந்த ஸ்வெட்டரையும் பின்னலாம்.

இங்கே இருக்கிற தம்பிகள் பலர் திருப்பூர் போய்விட்டு வந்திருப்பீர்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனியில் இருந்த காலம் உண்டு. பனியனின் வெளிப்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள் (இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்). சின்னச் சின்ன 'வி' எழுத்து அடுக்கடுக்காகத் தெரியும். உள்பக்கம் அலை அலையாக இருக்கும். நான் பஸ்ஸில் சைக்கிள் கம்பியில் பின்னியதும் அதே கண்ணிதான். அதனால்தான் அதற்குப் பின்னலாடை என்றே பெயர். 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகள் கெட்டுப்போவார்கள் என்று முதலாம் எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்ததாகச் சொல்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1994-ஆம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி, ஒரு குழந்தை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வீட்டில் ஒரு கறவை மாடு, கொஞ்சம் பருத்திக்கொல்லை. விருத்தாசலத்தில் ஒரு கடைக்காரர் என் பின்னலைப் பார்த்துவிட்டு, ஐப்பசி முடிவதற்குள் பன்னிரண்டு செட் பின்னித் தரச் சொன்னார். செட் என்றால் ஒரு குழந்தை ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை. நூல் அவருடையது. கூலி செட்டுக்கு நாற்பது ரூபாய். ஓய்வு நேரத்தில் பின்னிவிடலாம் என்று சரி சொல்லிவிட்டேன்.

எந்த ஓய்வு நேரம் என்று நான் யோசிக்கவில்லை. நம் பக்கத்தில் ஐப்பசி எப்படிப்பட்ட மாதம்? நடவு அப்போதுதான், களை அப்போதுதான், தீபாவளி அப்போதுதான். துணி காயாது, விறகு எரியாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். வருஷத்தில் வேலை நெருக்குகிற மாதத்தைப் பார்த்துப் பன்னிரண்டு செட்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை வார்க்கிறவர்களைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள். ஈரம் போகாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். வானத்தைப் பார்த்துத்தான் அவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ராத்திரி பதினோரு மணி வரை பின்னினேன். யார் எதற்குக் கூப்பிட்டாலும் என் வாயில் ஒரே பதில்: "இந்த வரிசையை முடிச்சிட்டு வரேன்." பின்னுகிறவர்களுக்குத் தெரியும், அந்த வரிசை முடிவதே இல்லை. ஒன்று முடிந்தால் கை தானாக அடுத்ததைத் தொடங்கிவிடும். (இப்போதைய பிள்ளைகள் "இந்த ஒரு ரீல்ஸ் பாத்துட்டு வரேம்மா" என்கிறார்கள். எனக்குக் கோபமே வருவதில்லை, ஞாபகம்தான் வருகிறது.)

ஒரு சாயங்காலம் நல்ல மழை. மாடு கத்தியது. "ஏம்மா, மாட்டுக்கு வைக்கோல் போடணும்" என்று என் மாமியார் குரல் கொடுத்தார். "இந்த வரிசையை முடிச்சிட்டு வரேன் அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனார். கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை. ஊரிலேயே அவர் போலப் புடைக்க ஆள் கிடையாது என்பார்கள். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் அவரால் முறம் பிடிக்க முடியவில்லை.

அவரைப் பார்க்க வந்தவர்களில் எங்கள் கொல்லையில் களை எடுக்கிற ஒரு அக்காவும் உண்டு. மூலையில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்ளோ குடுக்குறாங்க டீச்சரம்மா? எத்தனை நாளு ஆவும்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு செட்டுக்குப் பதினெட்டு மணி நேரம். மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். களை எடுத்தால் காலை எட்டிலிருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் இருபது ரூபாய். "எங்ககூட களைக்கு வந்திருந்தா ரெட்டிப்பா வாங்கியிருக்கலாமே" என்று அந்த அக்கா சிரித்தார். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள் நான், கணக்குப் பார்த்தது அவர். நாலு செட்டோடு நிறுத்திக்கொண்டு, மீதி நூலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளரின் ஆய்வைப் பற்றி அறிந்தேன். ஆந்திராவின் நரசாப்பூரில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982-இல் புத்தகம் எழுதியவர். அந்தப் பெண்கள் பின்னியது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது, வியாபாரிகள் பணக்காரர்களானார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தொழிலாளி என்ற பெயர் இல்லை. வீட்டில் இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொன்னதால்தான் கூலியை அவ்வளவு குறைவாக வைக்க முடிந்தது என்கிறார் அவர். எனக்குச் சுருக்கென்றது. 'ஓய்வு நேரத்தில் பின்னிடலாம்' என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானேதானே சொன்னேன்!

பின்னல் கூலி எப்போதும் ஏமாற்றுத்தான் என்றும் சொல்லிவிட முடியாது. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் அந்த லேஸ் வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான். அந்தப் பெண்களின் கையில் இருந்தது பொழுதுபோக்கா என்ன?

அதனால் நான் சொல்வது இதுதான்: பணத்துக்குப் பின்னுகிறீர்களா, மணிக்கணக்கைக் கூசாமல் எழுதி வைத்துக் கூலி பேசுங்கள். பாசத்துக்குப் பின்னுகிறீர்களா, கணக்கே வேண்டாம், ஆனால் தேதியும் சொல்லாதீர்கள்.

இப்போது நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று சில தோழிகள் கேட்டீர்கள். ஐப்பசியில் பெரிய ஸ்வெட்டர் தொடங்குவதில்லை. இரண்டு ஊசிப் பின்னலில் ஐம்பது அறுபது கண்ணிகள் உயிரோடு ஊசியில் நிற்கும். அவசரத்தில் போட்டுவிட்டு ஓடினால் ஒன்று நழுவி, கீழே வரைக்கும் ஏணி மாதிரி பிரிந்து போகும். அந்தப் பயத்தில்தான் 'வரிசையை முடிச்சிட்டு' என்று சொல்ல வைக்கிறது. கொக்கி ஊசிப் பின்னலில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்து போகலாம். ஒயர் கூடை இன்னும் சௌகரியம். சிவன்கண்ணோ, நெல்லிக்காயோ, போட்ட முடிச்சு போட்டதுதான். பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். மழை மாதத்தில் எனக்குக் கூடையும் கொக்கி ஊசியும். இரண்டு ஊசி வேலை தை பிறந்த பிறகு. அப்படியும் ஆசை வந்து எடுத்துவிட்டால், ஊசி முனையில் ஒரு அழிரப்பர் துண்டைக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணி நழுவாது, வரிசை நடுவிலேயே எழுந்து போகலாம். இன்னொன்று: கடையில் ஊல் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். மழைக்காலத்தில் சீக்கிரம் காய்வது அதனால்தான். ஆனால் நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். கார்த்திகை விளக்கு ஏற்றும்போது பிள்ளைகளுக்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.

மாமியார் கதையை முடிக்கவில்லையே. மாவுக்கட்டு போட்ட சில நாளில் நான் ஊசிகளைப் பரணில் போட்டுவிட்டேன். மார்கழி பிறக்கப்போகிற சமயம், அவரே கேட்டார்: "ஏம்மா, எனக்கு ஒரு குல்லா போடு, காதெல்லாம் குளிருது." நூல் சிட்டமாக இருந்தது, உருண்டை சுற்ற வேண்டும். அந்தக் கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் அவர் நீட்டிக்கொண்டு உட்கார, சிட்டத்தை மாட்டி நான் சுற்றினேன். மாடு கத்தியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிட்டத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு நான் எழுந்து போனேன்.

இதோ, இன்றைக்கும் பையில் ஒரு வேலை கொண்டு வந்திருக்கிறேன். பேத்திக்குக் காலுறை. ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்றில் குதிகால் வரைக்கும் வந்திருக்கிறேன். இதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள், முடிந்தது அவள் காலுக்கு இப்போது சேராது. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருபவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அளவு சொல்லுங்கள். எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.