பெருங்கணினிக்கு முதல் கட்டளை

மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடியில் 1973ஆம் ஆண்டு ஐபிஎம் 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. பேராசிரியர் எச். என். மஹாபாலா போன்றோரின் வழிகாட்டலில் அங்கு வளர்ந்த கணினிக் கல்வி, மாணவர்களுக்கு நிரல் எழுதும் திறனோடு ஒரு மன ஒழுங்கையும் கற்பித்தது. ஒரே இயந்திரத்தைப் பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால், நிரல் எழுதியவர் கணினியின் முன் அமர்ந்து வேலை வாங்குவது அரிது. 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளில் நிரலைப் பதித்து, அந்த அட்டைக்கட்டை ஒப்படைத்துவிட்டு, அச்சிட்ட தாள் கைக்கு வரும்வரை காத்திருப்பதே அக்காலப் பெருங்கணினி மையங்களின் வழக்கம். தாம் அருகில் இல்லாத நேரத்தில் இயங்கப்போகும் இயந்திரத்துக்கு வேண்டியவை அனைத்தையும் ஐயத்துக்கு இடமின்றி முன்பே எழுதிவைப்பதுதான் இக்கலையின் உயிர்நாடி.

இக்கலையைக் கற்க இன்று அந்தப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ரோஜர் பவ்லர் என்பவர் 1999இல் வெளியிட்ட ஹெர்குலிஸ் என்னும் இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியையே பழைய ஐபிஎம் இயந்திரம்போல் நடந்துகொள்ளச் செய்கிறது. அதன்மேல் எம்விஎஸ் 3.8 என்னும் இயக்க முறைமையை, அதாவது கணினியின் வளங்களை வேலைகளுக்குப் பங்கிட்டு அளிக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றிக்கொண்டால் திருவொற்றியூரிலோ இராயபுரத்திலோ உள்ள ஒரு பாலிடெக்னிக் மாணவரும் தம் வீட்டிலிருந்தே பயிலலாம்.

பயிற்சியின் முதற்படி ஜேசிஎல் எனப்படும் வேலைக் கட்டுப்பாட்டு மொழியாகும். இரண்டு சாய்கோடுகளுடன் தொடங்கும் இதன் வரிகளில் மூன்று வகைகளே இன்றியமையாதவை: வேலையின் பெயரையும் உரியவரையும் அறிவிப்பது ஜாப் வரி, எந்த நிரல் இயங்க வேண்டும் என்று சொல்வது எக்ஸெக் வரி, அந்த நிரல் தொடும் ஒவ்வொரு கோப்பும் எங்கே உள்ளது, அது புதியதா பழையதா, வேலை முடிந்தபின் அதை வைத்திருப்பதா நீக்குவதா என்று விவரிப்பது டிடி வரி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள கரையில் நிற்போர், வெளித்துறையில் நங்கூரமிட்டு பெர்த்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களைக் கண்டிருப்பர். சரக்கு, நீளம், மிதவை ஆழம் ஆகிய விவரங்களை முன்பே அறிவித்த கப்பலுக்கு முறைப்படி இடம் ஒதுக்கப்படுவதுபோல, ஜேசிஎல் வரிகளால் தன்னை முழுமையாக அறிவித்துக்கொண்ட வேலையையே இயக்க முறைமை வரிசையிலிருந்து எடுத்து நடத்துகிறது.

தொடக்கநிலையினருக்கு மிகப் பொருத்தமான பாடம் ஐஇஎஃப்பிஆர்14 என்னும் நிரலாகும். இது தானாக எதையும் செய்வதில்லை. அழைத்த இடத்துக்குத் திரும்பிச் செல் என்னும் ஒற்றைக் கட்டளையாகவே முதலில் எழுதப்பட்டது. ஆயினும் அதனோடு சேர்த்து எழுதப்படும் டிடி வரிகளின்படி கோப்புகளை உருவாக்குவதையும் நீக்குவதையும் இயக்க முறைமையே செய்து முடிப்பதால், நிரலின் கடமை எது, அமைப்பின் கடமை எது என்னும் பாகுபாட்டை இது தெளிவாகக் காட்டுகிறது. அந்த ஒற்றைக் கட்டளையிலும் ஒரு பிழை இருந்தது. வேலை நலமாக முடிந்தது என்பதற்கு அடையாளமாக 15ஆம் பதிவகத்தில், அதாவது செயலியின் உள்ளேயுள்ள சிறு நினைவகத்தில், பூச்சியம் வைக்கப்பட வேண்டும். அது விடுபட்டதால் பின்னர் இரண்டாவது கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. எத்துணைச் சிறிய நிரலுக்கும் தன் முடிவை உரிய முறையில் அறிவிக்கும் கடமை உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்க இயலாது.

இதன்பின் டிஎஸ்ஓ என்னும் உரையாடல் முறைக்குச் செல்லலாம். திரையில் ரெடி என்னும் சொல் தோன்றியதும் லிஸ்ட்கேட் கட்டளையால் கோப்புப் பட்டியலைப் பார்க்கவும், எடிட் கட்டளையால் வரிகளைத் திருத்தவும், சப்மிட் கட்டளையால் வேலையை வரிசைக்கு அனுப்பவும் முடியும். தொடர்ந்து ஃபோர்ட்ரான் மொழியில் சிறு கணக்கொன்றை எழுதுவோர், கட்டளையை 7ஆம் பத்தியிலிருந்து 72ஆம் பத்திக்குள் அமைக்க வேண்டும் என்னும் விதியில் துளை அட்டையின் மரபு நீடிப்பதைக் காண்பர். அதைவிட முதன்மையானது விடைத்தாளைப் படிக்கும் பழக்கம்: முடிவு எண் 0 என்றால் நலம், 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை என்பது மரபு, எஸ்806 என்று நின்றால் கேட்ட நிரல் கிடைக்கவில்லை, எஸ்0சி7 என்று நின்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணல்லாத ஒன்று இருக்கிறது என்று பொருள்.

ஜேசிஎல் மொழிக்குக் குறைகளும் உண்டு. எம்விஎஸ் இயக்க முறைமையின் மூதாதையான ஓஎஸ்/360ஐ உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸே, ஜேசிஎல்லை மிக மோசமாக வடிவமைக்கப்பட்ட மொழி என்று பிற்காலத்தில் கண்டித்தார். அதை ஒரு நிரல்மொழியாகவே கருதாமல் சில அட்டைகளின் தொகுப்பாக எண்ணியதே தவறு என்பது அவருடைய விளக்கம். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் வேலை நிராகரிக்கப்படும் கடுமை, தொடங்குவோரை மலைக்கச் செய்வது உண்மையே.

எனினும், 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 குடும்பத்தோடு பிறந்த இம்மொழி, அதன் வழிவந்த இசட்/ஓஎஸ் அமைப்பில் உலகின் பெரிய வங்கிகளுக்கு இன்றும் உழைக்கிறது. சென்னையின் மென்பொருள் நிறுவனங்களிலும் அதைப் பராமரிப்போர் பலர் உள்ளனர். பிழைப்புக்கான வாய்ப்பு என்பதோடு இக்கலையின் மதிப்பு முடிந்துவிடவில்லை. செய்து பார்த்துத் திருத்தலாம் என்னும் வசதி பெருகிவிட்ட காலத்தில், செய்யுமுன் முழுவதையும் சிந்தித்து, தோல்வியுற்றால் என்ன நிகழ வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கும் பழக்கத்தை இது ஊட்டுகிறது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னையில், ஓர் இயந்திரத்தை ஒருவர் நம்பி இயக்குவதற்கு முன்னால் அதைப் பற்றி வேறொருவர் முழுமையாக எழுதிவைத்திருக்க வேண்டியது அன்றாடத் தேவை. அந்தப் பொறுப்பைப் பழகிக்கொள்ள விரும்பும் இளைஞர் எவருக்கும் பெருங்கணினியின் மூன்று வகை வரிகள் தகுந்த தொடக்கமாகும்.