மலை ஏறுவோம், நம்ம ஊரைப் பார்ப்போம்

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த ஊக்குநர் ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



நான் மைக்கைப் பிடித்தாலே சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி என்றுதான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. மலை ஏறுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னக்கா, இதுக்கா எங்களை வரச் சொன்னீங்க?" என்று பின்வரிசையில் சிரிக்கிறது கேட்கிறது. சிரியுங்கள், கடைசியில் தீர்மானம் போடும்போது பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வி. இங்கே மலையே ஏறாதவர்கள் யாராவது உண்டா? ஒரு கை கூட எழவில்லை. விறகுக்கு ஏறியிருக்கிறோம். ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏறியிருக்கிறோம். பழனிக்கு வேண்டுதல் வைத்து ஏறியிருக்கிறோம். அழகர்மலையில் நூபுர கங்கையில் குளிக்கப் போயிருக்கிறோம். ஆனால் அப்போதெல்லாம் தலையில் சுமை, இல்லாவிட்டால் இடுப்பில் பிள்ளை, இல்லாவிட்டால் மனசு நிறைய கவலை. மேலே நின்று, திரும்பி, சுற்றிலும் என்ன தெரிகிறது என்று கால் மணி நேரம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இப்போதும் ஒரு கை கூட எழவில்லை. இதைத்தான் நான் பேச வந்தேன்.

பாறையில் ஒரு தாயின் பெயர்

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிறது. கிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, மேற்கே நாகமலை. எதுவும் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரம் இல்லை. காலையில் ஏறிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிற மாதிரிக் குன்றுகளும் அக்கம்பக்கத்தில் நிறைய உண்டு. அதில் ஒன்று கீழக்குயில்குடியில் இருக்கிற சமணமலை. நம் குழுக்களிலிருந்து முப்பது பேர் போன தை மாதம் அங்கே போய்விட்டு வந்தோம்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் படி வெட்டி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். ஏறிப் போனால் பேச்சிப்பள்ளம் என்கிற இடம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். சமண முனிவர்கள் அங்கே பள்ளி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஆயிரம் வருடத்துக்கு மேலே, செதுக்கியது. சிற்பங்களை யார் செய்யச் சொன்னார்கள் என்று அடியில் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று குணமதியார் என்கிற அம்மா செய்வித்தது. அச்சணந்தி என்ற பெரிய முனிவருடைய தாயார் அவர்.

நம்மில் எத்தனை பேருக்கு வீட்டுப் பட்டாவில் பேர் இருக்கிறது? அங்கே ஒரு தாயின் பேர் பாறையிலேயே நிற்கிறது. இதைச் சொன்னதும் நம்ம குழு அத்தை ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், கிட்டே போய் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் இந்த மலையடியில அம்பது வருசமா ஆடு மேய்ச்சிருக்கேன். எங்கிட்ட இதை யாரும் சொல்லலையே" என்றார்.

மேலேயிருந்து தெரிகிற கணக்கு

இன்னும் மேலே போனால் பாறை விரிந்து கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தோம். வடக்கே நாகமலை, பேருக்கு ஏற்ற மாதிரி பாம்பு போல நீண்டு படுத்திருக்கிறது. கிழக்கே மதுரை நகரம். எட்டத்தில் யானைமலை, யானை படுத்திருக்கிற மாதிரியே தெரிகிறது. நடுவிலே தென்னந்தோப்பு, நெல்வயல், ஊர்கள், அங்கங்கே கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி கண்மாய்கள்.

அழகாக இருந்தது என்று சொல்லி நான் முடித்துவிடலாம். ஆனால் அதற்கு மேலேயும் ஒன்று நடந்தது. குழு ஆரம்பித்த புதிதில் பயிற்சிக்கு வந்தவர்கள் தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போடச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? தெரு, கிணறு, பள்ளிக்கூடம், கண்மாய் என்று போட்டோம். மலை மேலே போனால் அந்தப் படம் உயிரோடு கண் முன்னால் கிடக்கிறது.

கீழே இருக்கும்போது நமக்கு நம்ம ஊர்க் கண்மாய்க் கரை மட்டும்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் ஒரு கண்மாய் தனிக் கண்மாய் இல்லை என்பது தெரியும். மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி முதல் கண்மாய்க்கு வருகிறது. அது நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கும் கீழே. சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்திருக்கிறார்கள் நம்ம முன்னோர்கள். நடுவில் ஒரு இடத்தில் வரத்துக் கால்வாயை மண் போட்டு மூடினால் போதும், மேலே இருக்கிற ஊரில் தண்ணீர் வீட்டுக்குள் வரும், கீழே இருக்கிற ஊர் கண்மாய் காய்ந்து கிடக்கும்.

அன்றைக்கு நம் குழுப் பெண்கள் விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டார்கள். "அந்தா தெரியுதே பச்சையா, அது தண்ணி இல்லடி, சீமைக்கருவேல மரம்." "இந்தக் கால்வாய் இங்கே வரைக்கும் வருது, அதுக்கப்புறம் எங்கே போச்சு மதினி?" இதெல்லாம் அலுவலகத்தில் மனு எழுதும்போது வராத பேச்சு. கண்ணால் பார்த்தால் தானாக வருகிறது. கிராம சபையில் ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் போய் வெறுமனே கையெழுத்துப் போடுகிறவளுக்கும், இன்ன இடத்தில் கால்வாய் அடைபட்டிருக்கிறது என்று எழுந்து சொல்கிறவளுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

வருடத்தில் இரண்டு தடவை போங்கள். மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கிற தை மாதம் ஒரு தடவை. காய்ந்து கிடக்கிற சித்திரையில், வெயிலுக்கு முன்னே, ஒரு தடவை. இரண்டையும் பார்த்தவளுக்குத்தான் தண்ணீர்க் கணக்கு புரியும்.

அறிந்த மலையை விடமாட்டோம்

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி உங்களுக்குத் தெரியும். அங்கே ஏழு குன்றுகள் இருக்கின்றன. கழிஞ்சமலைக் குகையில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலான தமிழி எழுத்து, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், சுனைகள், கண்மாய்கள், அரிய வல்லூறு, கழுகு வகைகள் எல்லாம் இருக்கிற இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியில் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். பெண்கள் கைப்பிள்ளையோடு வந்து உட்கார்ந்தார்கள். 2024 டிசம்பர் 9-ல் சட்டசபையிலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதை ஏன் சொல்கிறேன்? அந்தச் சனங்களுக்கு அவர்கள் மலை வெறும் கல் இல்லை. எந்தச் சுனை எந்த மாதம் வற்றும், எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகும், எந்தப் பாறையில் என்ன எழுத்து இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அதனால்தான் விட்டுக்கொடுக்கவில்லை. கிரானைட்டுக்காக அறுத்து, இருந்த இடம் பள்ளமாகிப் போன குன்றுகளையும் இதே மேலூர்ப் பக்கத்தில் நாம் பார்த்திருக்கிறோம். ஏறிப் பார்க்காத மலையை யாராவது எடுத்துக்கொண்டு போனால் நமக்கு என்ன போச்சு என்றுதான் இருப்போம்.

மதுரையில் 2010 முதல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முயற்சியில் பசுமை நடை என்று நடந்து வருகிறது. ஜனங்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்குப் போய், விவரம் தெரிந்தவர்களை வைத்து எடுத்துச் சொல்கிறார்கள். அவர்கள் செய்வதை நாமும் நம்ம ஊர் மலையில் செய்யலாம்.

உடம்பு சொல்கிற சேதி

"நாள் முழுக்க வேலை செய்யிறோம், இதுல நடை வேறயா?" என்று கேட்பீர்கள். வேலை வேறு, நடை வேறு. குனிந்தே செய்கிற வேலையில் இடுப்பு தேய்கிறது. நிமிர்ந்து, மூச்சை இழுத்து ஏறும்போது நெஞ்சும் நுரையீரலும் வேலை செய்கின்றன. வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்குகிற மாதிரி உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இன்னொன்று முக்கியம். நாலு படி ஏறியதும் மூச்சு முட்டுகிறது, கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பாருங்கள். 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள். நம்ம சமணமலைப் பயணத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்ட ஒரு தங்கச்சி அடுத்த வாரமே போய்ப் பரிசோதித்தாள். 8 கிராம்தான் இருந்தது. இப்போது மருந்து எடுக்கிறாள். மலை ஏறியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அசதி அசதி என்றே ஓட்டியிருப்பாளோ!

வீட்டில் கேட்பார்களே?

இதுதான் உங்கள் மனசில் ஓடுகிற கேள்வி. "மலை ஏறி என்னத்தைப் பார்க்கப் போற? வேலையத்த வேலை" என்று புருசன் சொல்லலாம், மாமியார் சொல்லலாம். குழுக் கூட்டத்துக்குப் போகும்போதும் இதைத்தானே சொன்னார்கள்? பேங்குக்குப் போகும்போதும் சொன்னார்களே? இன்றைக்குக் கடன் வேண்டும் என்றால் "உன் குழுவுல கேளு" என்று அவர்களே அனுப்புகிறார்கள். ஆம்பளை டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நாம் ஒரு பலனும் சொல்லாமல் ஒரு இடத்துக்குப் போக முடியவில்லை. கண்மாய், கிராம சபை, இரத்தசோகை என்று இவ்வளவு நேரம் நானும் பலனைத்தான் அடுக்கினேன். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். காற்று வாங்கி, கண் நிறையப் பார்ப்பதற்கென்றே மூன்று மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது நமக்கு வேண்டாமா?

செலவும் பெரிதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்டுச்சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே.

போகும்போது கவனிக்க வேண்டியவை

1. தனியாகப் போக வேண்டாம். பத்துப் பேருக்குக் குறையாமல் போங்கள். முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் பொறுப்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள்.

2. காலை 6 மணிக்கு ஏறி 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் பாறை கொதிக்கும்.

3. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள்.

4. ஈரப் பாறையில் வழுக்கும். மழை நாளில் வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பும் வேண்டாம்.

5. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் மூட்டுக்குப் பாரம் அதிகம். கம்பு ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

6. மலைத்தேனீக் கூடு இருந்தால் புகை, சத்தம் கூடவே கூடாது.

7. வனத்துறைக்கு உட்பட்ட காட்டு மலைக்கு அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் இளம்பெண்கள் பலர். மறக்க வேண்டாம்.

8. சிற்பத்தில் குங்குமம் பூசுவது, பாறையில் பேர் கிறுக்குவது கூடாது. கொண்டு போன பிளாஸ்டிக் திரும்பி வர வேண்டும்.

9. அவசரத்துக்கு 108.

ஆகவே சகோதரிகளே, ஒவ்வொரு ஊர்க் குழுவும் அடுத்த கூட்டத்தில் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மலையின் பேரைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். என்றைக்குப் போகிறோம், யார் பொறுப்பு என்றும் எழுத வேண்டும். போய் வந்த பிறகு, மேலேயிருந்து என்னென்ன கண்மாய் தெரிந்தது, எந்தக் கால்வாய் அடைபட்டிருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். அந்தப் பக்கங்களை எல்லாம் சேர்த்து அடுத்த கிராம சபைக்குக் கொண்டு போவோம்.

சரி, இப்போது கை தூக்குங்கள் பார்க்கலாம், எந்த ஊர் முதலில்?